மீசைக்காரன் பாட்டில்

இட்லித் துண்டு அறிவழகனின் சட்டைமேல் வந்து விழுந்தது.

"யாருப்பா நீ? எழுந்து போ. அவரு வர்ற நேரம்" என்றாள் ராமாமிர்தம்.

பெற்ற மகனைப் பார்த்துத்தான் சொன்னாள். அதில் அறிவழகனுக்கு வருத்தமில்லை. அம்மா அவனை மகனென்று அறிந்தே வெகு காலமாகிறது. அவனை அப்பா என்று அவள் நம்பாமல் போனதுதான் அவன் வருத்தம்.

இந்த வீட்டு விவகாரத்தை வாராவாரம் கேட்டு வருகிறவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மேல்பட்டாம்பாக்கம் தங்கராசு, கரும்பு ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், தை மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதற்கு முன்பே அவர் மனைவி ராமாமிர்தத்துக்குக் கண் மங்கி, பக்கவாதமும் வந்து, நினைவு கலங்கிவிட்டது. புருஷன் செத்ததை எத்தனை தடவை சொன்னாலும் அது அவள் மனதில் தங்கவில்லை. தட்டோடு யார் போனாலும் வாயை இறுக்கிக்கொண்டாள். 'அவரு வரட்டும்' என்ற ஒரே பதில்தான். கருமாதி முடிவதற்குள் பாதி உடம்பாகிவிட்டாள்.

அப்போதுதான் மகனுக்கு அந்த யோசனை வந்தது. அப்பாவின் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அப்பாவின் கொலோன் சென்ட்டைக் கழுத்திலும் கையிலும் தடவிக்கொண்டு, கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் கட்டைக் குரலில் "ம், சாப்டு" என்றான். வாய் திறந்தது. அன்றிலிருந்து வேளைக்கு வேளை இந்த வேஷம்தான். அதற்காகவே கம்பெனியில் கெஞ்சி ராத்திரி ஷிஃப்ட்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

தெருவில் இதற்குப் பெரிய பெயர். "புருசன் சொல்லாம பச்சத் தண்ணிகூட குடிக்காத பொம்பளடி" என்று மற்ற வீட்டு மருமகள்களுக்கு மாமியார்கள் ராமாமிர்தத்தை எடுத்துக்காட்டிக் கொண்டிருந்தார்கள். அறிவழகனுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமைக்கு முந்தாநாள் ஆபத்து வந்தது. பாட்டில் காலியாகிவிட்டது.

'பிரிகேடியர்' என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. லேபிளில் முறுக்கு மீசையோடு ஒருவன் முறைத்துக்கொண்டிருப்பான் என்பதால் 'மீசைக்காரன் சென்ட்' என்றால்தான் கடைக்காரனுக்கே புரியும். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஏழை எளியவர்கள் போட்டுக்கொள்கிற மலிவுச் சரக்கு. தங்கராசு மட்டும் அதைத் தினம் போட்டார். ஆலையின் மொலாசஸ் பாகு நாற்றம் தன்னோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர் வீம்பு.

நெல்லிக்குப்பம் கடைத்தெருவில் அறிவழகன் புதுப் பாட்டில் வாங்கினான். கண்ணாடி போய் பிளாஸ்டிக் வந்திருந்தது. மூடி போய் ஸ்ப்ரே வந்திருந்தது. மீசைக்காரனும் வயது குறைந்து, மீசையைக் கத்தரித்து, தாடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தான். அவனும் காலத்துக்குத் தகுந்தபடி மாறட்டுமே, உள்ளே இருப்பது அதே சரக்குதானே என்று அறிவழகன் நினைத்துவிட்டான்.

வேறு யாராக இருந்தாலும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். கடையிலேயே ஒரு தடவை மோந்து பார்த்திருப்பார்கள். அறிவழகன் மோந்து பார்த்துப் பயனில்லை. செம்மங்குப்பத்தில் ரசாயனக் கம்பெனியில் கரைப்பான் பிரிவில் வேலை. அவன் மூக்கு செத்துப் பல வருஷமாகிறது. கொரோனாவில் போனது என்று அவன் சொல்வான். அதற்கு முன்பே மீன் குழம்பு தீய்ந்ததுகூட இவருக்குத் தெரியாது என்று அவன் மனைவி சிந்துஜா சொல்வாள்.

நேற்று மூன்று வேளையும் ராமாமிர்தம் வாயைத் திறக்கவில்லை. இன்று காலை இட்லியைத் துப்பிவிட்டாள்.

"டாக்டர் என்னா சொன்னாரு?" என்று சிந்துஜா சமையல்கட்டிலிருந்து கேட்டாள்.

"இன்னிக்குள்ள எதாவது உள்ள போவணுமாம். இல்லன்னா நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு கொண்டாந்துடுங்கன்றாரு. மூக்கு வழியா டியூப்தானாம்."

சிந்துஜா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பக்கவாதம் வந்த சமயத்தில் போட்ட டியூப்பை அத்தை பிடுங்கி எறிந்ததும், மூக்கிலும் வாயிலுமாக ரத்தம் கொட்டியதும், பிறகு கையைக் கட்டிலோடு கட்டி வைத்ததும் அவளுக்கு மறக்கவில்லை. புருஷனின் கழுத்தருகே வந்து மோந்து பார்த்தாள்.

"ஏங்க, இது மாமா சென்ட்டே இல்ல."

"அதே மீசைக்காரன்தான் பாத்தியா?"

"படத்த எங்கிட்ட காட்டாதீங்க. அத்த படத்த பாத்தா கண்டுபுடிக்கிறாங்க?"

அவள் பீரோவிலிருந்து தங்கராசு கடைசியாகப் போட்ட சட்டையை எடுத்தாள். துவைக்காமல் பாலிதீன் பையில் முடிந்து வைத்திருந்தது. காலரில் கொலோன் ஊறிப் பழுப்பாகியிருந்தது; மூக்கை ஒட்டினால்தான் வாசனை வந்தது. இன்னொரு கையில் புதுசை அடித்த கைக்குட்டை. முகத்தைச் சுளித்துக்கொண்டே மாறி மாறி மோந்தாள்.

"சொல்லு" என்றான் அறிவழகன்.

"புதுசு, தொறந்ததும் சிவிங்கம் வாசன. அப்புறம் துணி சோப்பு. அதுக்கு அடியில ஒண்ணுமில்ல."

"பழசு?"

"புது பாட்டில் ஒடச்சி போட்டாருன்னா மொதல்ல எலுமிச்சந்தோல உரிச்ச மாதிரி சுருக்குன்னு ஏறும். அது அடங்குனா சவரக்கட வாசன. அதுக்கும் அடியில ஒண்ணு இருக்குங்க. மழக்காலத்துல கெணத்துச் சுவருல பாசி புடிச்சிருக்குமே, அது. ராத்திரி வரைக்கும் இருக்கும். மாமா வந்துட்டுப் போன ரூம்ல கூட இருக்கும்." அவள் பையை அவசரமாக முடிந்தாள். "எனக்கு எப்பவும் புடிக்காது."

அறிவழகன் தலையை ஆட்டினான். செவிடனிடம் சங்கீதம் சொன்ன கதைதான். ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. பாசி வேண்டும். பாசியில்லாமல் அம்மா சாப்பிட மாட்டாள்.

"பழைய ஸ்டாக்கு எங்க கெடைக்கும்?"

"அத்த பொறந்த ஊரு சிதம்பரம்தான? அங்க வளையக்கட ஒண்ணுலேர்ந்துதான மாமா மொத்தமா வாங்கியாருவாரு. ஜெயராணி ஃபேன்சியோ என்னமோ." அவள் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள். "இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க?"

"என்னாடி சொன்ன?"

"ஒண்ணுமில்ல. பஸ்ஸுக்கு கெளம்புங்க."

*

கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முதுநகர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முன்சீட்டுப் பெண் முந்தானையால் மூக்கை மூடினாள். பக்கத்தில் இருந்தவர் துண்டை எடுத்தார். செம்மங்குப்பம் வந்துவிட்டது என்று அறிவழகன் தெரிந்துகொண்டான். தினமும் அவன் இறங்குகிற இடம். அவனும் ஊரோடு ஒத்து வாழக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான்.

சிதம்பரம் என்றாலே அவனுக்கு அக்கா ஞாபகம் வரும். வந்ததும் விரட்டிவிடுவான்.

அருள்மொழி அங்கேதான் நர்ஸிங் படித்தாள். அங்கேதான் சார்லஸைப் பார்த்தாள். வேறு தெரு, வேறு சாமி. வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனாள். சேதி வந்த அன்றைக்குத் தங்கராசு நடு வாசலில் உட்கார்ந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தலைமுழுகினார். 'எனக்குப் பொண்ணு இல்ல' என்று தெருவே கேட்கச் சொன்னார். அறிவழகன் அப்போது ஓசூரில் வேலையில் இருந்தான். லீவில் வந்தபோது, அக்கா போன் செய்து 'எனக்கு அப்பனும் வேணாம், தம்பியும் வேணாம், என் நகைய மட்டும் குடு' என்று கேட்டதாக அப்பா சொன்னார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். தூக்கி வளர்த்த தம்பியை வேண்டாமென்றவளை நாமும் ஏன் தேட வேண்டும் என்று அவனும் மனதைக் கல்லாக்கிக்கொண்டான். அவள் இருக்கிறாளா இல்லையா என்பதுகூட அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

வளையல் கடை தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. ஜெயராணி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"பழைய பிரிகேடியரா? நீங்க மேல்பட்டாம்பாக்கம் மேஸ்திரி பையனா?"

"ஆமாங்க. எப்படித் தெரியும்?"

"அவர விட்டா அத யாரு மொத்தமா வாங்குனா? கம்பெனி கைமாறிப் போச்சு தம்பி. அந்தப் பாசி வாசன குடுக்குற சரக்கு தோலுக்கு ஆவாதுன்னு எடுத்துட்டாங்களாம். புதுசுக்குப் பேரு மட்டும்தான் பிரிகேடியரு. இளசுங்க அதத்தான் கேக்குதுங்க."

அவள் பரண்மேல் ஏறி ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினாள். உள்ளே சில பாட்டில்கள். கண்ணாடி, திருகு மூடி, முறுக்கு மீசை. அதைப் பார்த்ததும் அறிவழகனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவையே பரணிலிருந்து இறக்கியது போலிருந்தது.

"பரண் சூட்டுல காஞ்சி கெடந்த சரக்கு. நல்லா இருக்கான்னு மோந்து பாத்துக்குங்க."

மூடியைத் திறந்து நீட்டினாள். அவன் மூக்கருகே வைத்து மூச்சை இழுத்தான். கண்ணை மூடினான். "ஆஹா, இதேதான்" என்றான். என்ன செய்வது, மானம் என்று ஒன்று இருக்கிறதே.

ஜெயராணி பாட்டிலைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "இதுல ஒண்ணு போன வாரம் மூடி லூசாயி ஷோகேஸ் பூரா வழிஞ்சி போச்சு தம்பி. அந்த நேரம் பாத்து ஒரு அம்மா பொண்ணோட ரிப்பன் வாங்க வந்துச்சு. வாசன அடிச்சிதோ இல்லியோ, மூஞ்சி வெளுத்து அப்படியே குந்திடுச்சு. இடது காத ரெண்டு கையாலயும் பொத்திக்கிச்சு. கெட்ட வாசன வந்தா மூக்கத்தான பொத்துவாங்க? இது காத பொத்திச்சு. அந்தக் கொழந்த பயந்து போயி அழுவுது."

"மயக்கமா இருக்கும்" என்றான் அறிவழகன், பஸ்ஸை நினைத்தபடி.

"என்னமோ. எப்பவாச்சும் வர்ற அம்மாதான். அந்தக் காது கேக்காது போலருக்கு, எதையும் ரெண்டு தடவ சொல்லணும். எடுத்து வெச்ச ரிப்பனக்கூட வாங்கல, ஓடிப் போயிடுச்சு."

அவன் பையை வாங்கிக்கொண்டு கிளம்பினான். அவனுக்கு இருந்த கவலையெல்லாம் சாயங்காலத்துக்குள் அம்மா வாயில் நாலு வாய் கஞ்சி போகவேண்டும் என்பதுதான். ஊரார் காதெல்லாம் அவனுக்கு எதற்கு?

*

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சிந்துஜா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"மதியம் மோர் குடுத்தேன், தட்டிவிட்டுட்டாங்க. நாக்கு வறண்டு கெடக்குதுங்க. சீக்கிரம் சட்டய மாத்திக்கினு வாங்க."

அவன் பையை அவளிடம் கொடுத்துவிட்டு, அதற்குள் அம்மாவை ஒரு தடவை பார்க்கலாமென்று உள்ளே போனான். காலையில் அடித்த புது சென்ட் அவன் உடம்பில் இன்னும் மிச்சமிருந்தது. அது அவனுக்குத் தெரியாது. ஸ்டூலில் உட்காராமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

ராமாமிர்தம் மூக்கை உயர்த்திக் காற்றை மோந்தாள்.

"காலைல வந்த தம்பிதான? இனிப்பா ஒரு வாசன வருதே."

"ஆமாம்மா."

"அவரு வெளிய போயிருக்காரா?"

"ஆமா. மில்லுக்கு."

"மழ பெய்யுதா?"

"இல்லியே."

"அப்ப பரவால்ல" என்று அவள் காலை நீட்டிக்கொண்டாள். அறிவழகன் அதைப் பார்த்தான். அப்பா வேஷத்தில் அவன் உட்கார்ந்திருந்த இத்தனை மாதத்தில் அம்மா ஒரு தடவைகூடக் காலை நீட்டியதில்லை.

"மழன்னா என்னாம்மா?"

"மழயில வாசன தெரியாது தம்பி. வெயிலு நாள்னா அவரு தெருமுன திரும்பும்போதே சென்ட்டு வந்துடும். நான் தலய முடிஞ்சி, கை வேலய போட்டுட்டு, தட்ட கழுவி வெச்சிடுவேன். மழ நாள்ல வாசப்படியில வந்து நின்னாத்தான் தெரியும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கும் மழதான். அதான் மாட்டிக்கினோம்."

"யாரு மாட்டுனா?"

"நானும் அருளும்."

அறிவழகன் வாசலைப் பார்த்தான். சிந்துஜா கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். 

"அருளு எப்ப வந்தா?"

"மாசமா, வவுத்த தள்ளிகிட்டு வந்தா, பாவம். 'அம்மா, உன் கையால ஒரு வாயி சோறு குடு, போயிடுறேன்'னா. மதியம் வெச்ச ரசமும் சோறும்தான் இருந்துது. ஒரே தட்டுல போட்டோம். நான் அவளுக்கு ஒரு வாயி, அவ எனக்கு ஒரு வாயி." ராமாமிர்தம் சிரித்தாள். முன்பல் இல்லாத அந்தச் சிரிப்பை மகன் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று. "எனக்கு யாரும் ஊட்டுனதே இல்ல தம்பி. அன்னிக்குத்தான் அவ ஊட்டுனா."

பிறகு சிரிப்பு நின்றது.

"அவரு செருப்பக்கூட கழட்டல. ஒரு வார்த்த கேக்கல. காதோட சேத்து ஓங்கி ஒரு அற. இந்தப் பக்கம்." அவள் கை மெல்ல எழுந்து தன் இடது காதைத் தொட்டது. "ரத்தமா வந்துச்சு. வவுத்தயும் காதயும் புடிச்சிகினு மழயிலயே போயிட்டா. அப்புறம் என்னப் பாத்தாரு. 'நான் வராம உனக்கு என்னாடி சோறு?'ன்னாரு. அவருக்கு வெச்ச ஒல கொதிச்சிகினு இருந்துது. கரண்டியால அள்ளி வாயில..."

அவள் உதட்டோரத்தைத் தடவினாள். அங்கே ஒரு பழைய தழும்பு. கஞ்சி வடிக்கும்போது தெறித்துவிட்டது என்று ஓசூருக்கு போனில் சொன்ன தழும்பு. பார்த்து வடிக்கக் கூடாதா என்று அன்றைக்கு அறிவழகன் அம்மாவைத் திட்டியிருந்தான்.

"அதுலேர்ந்து அவரு சொல்லாம நான் வாயத் தொறக்கறது இல்ல" என்றாள் அவள், ஏதோ மருந்து சாப்பிடும் வழக்கத்தைச் சொல்வது போல.

அறிவழகன் அந்தத் தழும்பையே பார்த்தான். புருஷன் சொல்லாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். தெருவே மெச்சிய பதிவிரதை. எட்டு மாதமாக அவன் ஸ்டூலில் உட்கார்ந்து அவளுக்குக் கொடுத்தது சோறா, அந்தக் கொதிக்கிற கரண்டியா?

"தம்பி, நீ நல்ல புள்ளயா இருக்க" என்று அவள் அவன் கையைத் தேடிப் பிடித்தாள். "சிதம்பரம் பக்கம் போனா வளையக்கட ஜெயராணிகிட்ட ஒரு சேதி சொல்லு. சின்னதுலேர்ந்து அருளுக்கு ரிப்பன் அங்கேர்ந்துதான் வாங்கியாருவேன். அவ அங்க வராம இருக்க மாட்டா. அம்மா சாப்புட்டு நல்லா இருக்கான்னு சொல்லு. இங்க மட்டும் வர வேணாம்னு சொல்லு."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ரிப்பன் வாங்க வந்த அம்மா. கேட்காத இடது காது. வாசனை வந்ததும் மூக்கைப் பொத்தாமல் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தவள். பக்கத்தில் அழுத குழந்தை.

அக்கா உயிரோடு இருக்கிறாள். அவனுக்கு ஒரு அக்கா மகள் இருக்கிறாள்.

சந்தோஷத்தில் அவன் புத்தி தடுமாறிவிட்டது. அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அம்மா, இனிமே பயப்படாத. அவரு செத்துட்டாரும்மா. தையிலயே செத்துட்டாரு. நீ சாப்டலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ராமாமிர்தம் கையை உருவிக்கொண்டாள். நீட்டிய காலை மடக்கினாள்.

"அவருதான் உன்ன அனுப்பிச்சாரா?"

"இல்லம்மா..."

"செத்துட்டாருன்னு சொன்னா நான் சாப்புடறேனான்னு பாத்துட்டு வரச் சொன்னாரா? நான் ஒண்ணும் சொல்லல தம்பி. அருளு இங்க வரவே இல்ல. நான் ஒண்ணுமே சொல்லல." உதடுகள் ஒட்டிக்கொண்டன.

அதன்பின் சிந்துஜா வந்து கெஞ்சினாள், கொஞ்சினாள். ஸ்பூனால் உதட்டை நனைத்துப் பார்த்தாள். கஞ்சி மோவாயில் வழிந்ததே தவிர உள்ளே போகவில்லை. அவள் மாமியாரின் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது. இருவரும் சமையல்கட்டுக்கு வந்தார்கள்.

"டியூப் போட்டா கையக் கட்டுவாங்க" என்றாள் சிந்துஜா.

"தெரியும்."

"அத போட்டுக்கினு போனா..." அவள் பையில் இருந்த கண்ணாடிப் பாட்டிலைப் பார்த்தாள். 

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? புதுப் பாட்டில் அம்மாவைச் சிரிக்க வைத்தது, பேச வைத்தது, பட்டினி போட்டது. பழைய பாட்டில் அவள் வாயைத் திறக்க வைக்கும். அறிவழகன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். அப்பா செத்தபோது அழுததையெல்லாம் யாராவது திருப்பிக் கொடுத்தால் தேவலை என்றிருந்தது.

"தொறந்து பாரு" என்றான் கடைசியில். "எனக்குத்தான் தெரியாது."

சிந்துஜா மூடியைத் திருகி மோந்தாள். மறுபடியும் மோந்தாள்.

"மேல இருந்த எலுமிச்ச செத்துப் போச்சுங்க. சவரக்கட வாசனயும் இல்ல. அடியில இருந்தது மட்டும்தான் இருக்கு." அவள் பாட்டிலைத் தள்ளிப் பிடித்தாள். "அது முன்னவிட ஜாஸ்தியா இருக்கு."

அவன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். கழுத்தில் தடவினான். கையில் தடவினான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அறைக்குள் அவன் நுழைந்தபோதே அம்மாவின் முதுகு நிமிர்ந்துவிட்டது. கலைந்திருந்த தலைமுடியைக் கை தானாக அள்ளி முடிந்தது. முந்தானை தோளுக்கு ஏறியது. எட்டு மாதமாக இதையெல்லாம் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு எவ்வளவு ஆசை, புருஷன் வந்ததும் தலையைக் கிலையை ஒழுங்குபடுத்துகிறாளே என்று சிந்துஜாவிடம் சொல்லி மகிழ்ந்தவன் அவன்.

"ம்" என்றான்.  தொண்டையைச் செருமினான். அந்தச் செருமலும் அப்பாவுடையதாகவே வந்தது. "சாப்டு."

வாய் திறந்தது.

ஒவ்வொரு ஸ்பூனுக்கும் திறந்தது. மெல்லாமல் விழுங்கினாள். சூடு இருக்கிறதா, உப்பு போதுமா என்று ஒன்றும் கேட்கவில்லை. மங்கிய கண்கள் கிண்ணம் இருந்த திசையை விட்டு அகலவில்லை. கிண்ணம் காலியானதும் கையைக் கூப்புவது போல மடியில் வைத்துக்கொண்டு அடுத்த உத்தரவுக்காகக் காத்திருந்தாள்.

"படு" என்றான்.

படுத்தாள். சுவர் பக்கமாகத் திரும்பி, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு.

அறிவழகன் நேராகக் கொல்லைப்பக்கம் போனான். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டான். சோப்பு, சீயக்காய், மறுபடியும் சோப்பு. கழுத்தைத் தேங்காய் நாரால் தேய்த்தான். தோல் சிவந்து எரிந்தது. தங்கராசு அன்றைக்கு மகளைத் தலைமுழுகியபோது இவ்வளவு தண்ணீர் செலவழித்திருப்பாரா தெரியாது.

சிந்துஜா துண்டோடு வந்தாள். அவள் அழுதிருந்தாள்.

"அவதான் சிந்து. போன வாரம் ஜெயராணி கடையில இந்த வாசனக்கு ஒரு அம்மா காத பொத்திகினு ஒக்காந்துடுச்சாம், அது அக்காதான். நாளைக்கு அம்மாவுக்கு ஒரு வேள குடுத்துட்டு நான் சிதம்பரம் போறேன். ஜெயராணி கடையில கேட்டா வீடு தெரியும். அவ முன்னால போயி நிக்கணும். கால்ல விழணும்." அவன் கழுத்தைக் காட்டினான். "இதோட போயி நின்னா அவ மறுபடியும் காத பொத்திக்குவா. இங்க வா. மோந்து பாரு. போயிடுச்சா?"

அவள் கிட்டே வந்தாள். ஈரம் சொட்டுகிற அவன் கழுத்தருகே முகத்தைக் கொண்டுபோனாள். மெல்ல மூச்சை இழுத்தாள். பிறகு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"சொல்லுடி. இன்னும் வருதா?"

சிந்துஜா துண்டை அவன் தோளில் போட்டாள்.

"வருதுங்க" என்றாள்.

அவன் துண்டை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, மறுபடியும் தொட்டியில் குடத்தை முக்கினான்.